மடக்குக் கத்தி அலகில் படிந்திருப்பது துருவா, கறையா, பிசினா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. அப்பா ஒட்டுக் கட்டப் பயன்படுத்திய மடக்குக் கத்தி ஒன்று, மருந்தும் உரமும் வைக்கிற அறையில் சில வருடமாகக் கிடந்து இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. மரப்பிடி, உள்ளே பித்தளைத் தகடு. பாதிக்கு மேல் திறக்க வரவில்லை. ஆணி இருக்கும் இடத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டுகிறது. அலகின் நடுவில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள், பிடியை ஒட்டிப் பழுப்புப் பொட்டுகள், முனையில் மட்டும் செம்பு மாதிரி ஒரு நிறம். புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடு என்கிறார் ஒருவர். உப்புத்தாள் போட்டுத் தேய் என்கிறார் இன்னொருவர். பட்டறையில் கொடுத்துக் கிரைண்டரில் ஒரு விடு விட்டால் புதுசாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். இதில் எதைச் செய்வது, சுத்தம் செய்த பிறகு அந்தக் கத்தியில் பழம் நறுக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுப் பழைய இரும்பு கிடைத்த மாவட்டம் நம்முடையது. துருவுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் ஓசூரில் டூல் ரூம் வேலையில் நான் பார்த்தவரை, துரு தின்று வீணான கத்திகள் குறைவு. துருவை எடுக்கிறேன் என்று இறங்கியவர்கள் கையில் வீணானவைதான் அதிகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கத்தியில் இருப்பது ஒரே அழுக்கு இல்லை, நான்கு வேறு வேறு சமாச்சாரம். ஒன்றுக்கு எண்ணெய் போதும். இரண்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒன்றைத் தொடவே வேண்டாம். எது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் புளித்தண்ணீரில் போட்டால், தொடக்கூடாதது முதலில் போய்விடும்.

எந்த வேலைக்கும் முன்னால் ஒரு குளியல் வேண்டும். மருந்து அறையில் கிடந்த கத்தி, அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்து அலகையும் பிடியையும் தேய்த்துக் கழுவுங்கள். ஊறப்போட வேண்டாம், மரப்பிடி தண்ணீர் குடித்து உப்பிவிடும். கழுவிய தண்ணீரை மாடு குடிக்கும் தொட்டிப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ ஊற்றாதீர்கள். அந்தப் பிரஷ்ஷைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகவும் வேண்டாம். துணியால் துடைத்து வெயிலில் கொஞ்ச நேரம் காய வைத்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் போன் கேமராவைப் பெரிதாக்கி அலகைப் பாருங்கள். கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்தது கேமராவில் பிரிந்து பிரிந்து தெரியும்.

பார்ப்பதோடு கொஞ்சம் தொட்டும் சோதிக்கலாம். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு திட்டின் மேல் நாலைந்து முறை தேயுங்கள். பஞ்சு கறுத்து, திட்டு கரைந்தால் அது பிசின், பால், பழைய எண்ணெய் வகை. பஞ்சில் செங்கல் நிறம் ஏறினால் துரு. எதுவும் ஏறாமல் திட்டு அப்படியே நின்றால் அது மேலே படிந்தது இல்லை, இரும்பின் தோலே நிறம் மாறியிருக்கிறது. அப்புறம் ஒரு தையல் ஊசியை மெதுவாக அதன் மேல் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கறை, மாட்டி மாட்டி நின்றால் குழி விழுந்திருக்கிறது. உங்கள் கத்திக்குத் தேவையான சோதனை இவ்வளவுதான்.

இனி ஆணிப் பக்கம் ஒட்டுகிற கறுப்பு. ஒட்டுக் கட்டிய கத்தி என்றால் அது பெரும்பாலும் மாம்பால்தான். மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீச்சியடிக்கிற அதே பால் கிளையிலும் உண்டு. தோலில் பட்டால் புண்ணாக்குகிற எண்ணெய்ச் சத்து அதில் இருக்கிறது. பால் வடிந்த காயில் தோல் கறுத்துப் போவதும் அதனால்தான். காய்ந்தால் பிசினாகி, தூசியையும் மரத்தூளையும் பிடித்துக்கொண்டு தார் மாதிரி இறுகிவிடும். தண்ணீரும் சோப்பும் இதன் மேல் ஓடிப் போய்விடும், உள்ளே இறங்காது. எண்ணெய் இறங்கும். பலாப்பழம் அரிகிறவர்கள் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவது இதற்காகத்தான்.

ஆகவே கத்தியைப் பாதி திறந்த நிலையில் ஆணி கீழே வருகிற மாதிரி சாய்த்து வைத்து, மண்ணெண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஆணியின் இரண்டு பக்கமும் நாலு சொட்டு விடுங்கள். இரவு முழுக்க இருக்கட்டும். காலையில் அலகின் முதுகுப் பக்கத்தைத் தடித்த துணியால் பிடித்துக் கொஞ்சம் திறப்பது, கொஞ்சம் மூடுவது என்று அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரேயடியாக இழுக்காதீர்கள். இந்த மாதிரி மடக்குக் கத்தியில் பிடியின் முதுகில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது சட்டென்று விட்டால் அலகு விரல் மேல் மூடும். பிளையரால் அலகைப் பிடிக்கவும் கூடாது. கடினமாக்கிய இரும்பு, பக்கவாட்டில் நெம்பினால் வளையாமல் முறியும். அசைக்க அசைக்க ஆணி ஓரமாகக் கறுப்புச் சாந்து வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி அசைவு. சாந்து வருவது நின்று, எண்ணெய் தெளிவாக வருகிறவரை இதைச் செய்ய வேண்டும். அலகு உள்ளே படுக்கும் பள்ளத்தை மூங்கில் குச்சி ஒன்றைத் தட்டையாகச் சீவிக்கொண்டு சுரண்டி எடுங்கள். ஸ்குரூடிரைவர் போட்டால் பித்தளைத் தகட்டில் கோடு விழும்.

அலகின் மேல் படிந்த பிசினுக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துணியால் துடைத்தாலே போதும். மிச்சம் மீதியை மருந்துக்கடை ஸ்பிரிட் எடுத்துவிடும், கையில் இருக்கிற சானிடைசர்கூட ஆகும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். உங்கள் பிடி மரம்தான், ஆனால் அதன் மேல் வார்னிஷ் இருந்தால் உரிந்துபோகும். பிளாஸ்டிக் பிடியாக இருந்தால் உருகியே போகும்.

அடுத்தது நடுவில் இருக்கும் நீலக் கறுப்புத் திட்டு. மூன்று வைத்தியர்களும் முதலில் கை வைக்க நினைப்பது இதன் மேல்தான், ஏனென்றால் பார்க்க அசிங்கமாக இருப்பது இதுதான். நான் சொல்வேன், இதை விட்டுவிடுங்கள்.

வாழைக்காயையோ நெல்லிக்காயையோ இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் காயும் கறுக்கிறது, மனையும் கறுக்கிறது. காயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருநீல நிறப் பொருளாக மாறுகிறது. அந்தக் காலத்தில் கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி போட்டு எழுதும் மை காய்ச்சினார்களே, அதில் நடந்ததும் இதுதான். கடுக்காயில் துவர்ப்பு, அன்னபேதியில் இரும்பு. உங்கள் அப்பாவின் கத்தியில் மாந்தண்டின் துவர்ப்பும் பாலின் புளிப்பும் வருடக்கணக்கில் பட்டு அதே நிறம் ஏறியிருக்கிறது.

செந்துரு அப்படி இல்லை. அது தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு பொருபொருவென்று எழும்பி நிற்கும். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் அடியில் இருக்கும் இரும்பை மேலும் தின்னும். இந்த நீலக் கறுப்புத் தோல் மெல்லியது, இரும்போடு ஒட்டியது, உதிராதது. துருவை முழுதாகத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பளபளவென்று தேய்த்து வைத்த வெற்று இரும்பைவிட இது மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். புதுக் கத்தி வாங்கி, கடுகு, வினிகர், உருளைக்கிழங்கு என்று எதையாவது தடவி இந்த நிறத்தை வேண்டுமென்றே வரவழைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது. தேய்த்து எடுத்தால் ஒரு வாரத்துக்குப் பளிச்சென்று இருக்கும், பிறகு முதல் மாங்காயிலேயே மறுபடி கறுக்க ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு கவனம். கறுப்பிலும் கெட்ட கறுப்பு உண்டு. திட்டாகப் பரவாமல் மிளகு தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்து, ஊசி அதில் மாட்டினால், அது பழைய துரு தின்ற குழி. அதைக் கீழே சொல்கிற கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடியை ஒட்டி இருக்கும் பழுப்புப் பொட்டுகள்தான் உண்மையான துரு. அது ஏன் அங்கே மட்டும் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். துணி எட்டாத மூலை, பிசின் ஈரத்தைப் பிடித்து வைக்கிற இடம், பித்தளைத் தகடு இரும்பைத் தொடுகிற இடம். இரண்டு உலோகம் ஒட்டி இருந்து நடுவில் ஈரம் புகுந்தால் இரும்புதான் முதலில் போகும். இதற்கு மேல் நீங்கள் சொன்ன அந்த உர அறை. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பின் நெருங்கிய உறவு. அதன் தூசி அலகில் படிந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகிவிட்டால், கடற்கரையில் கிடந்த கத்திக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். யூரியாவும் ஈரம் இழுக்கிற சரக்குதான். மூட்டை அடியில் இருந்த கொத்து, களைவெட்டி எல்லாம் என்ன ஆகியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

இந்தப் பொட்டுகளுக்கு வேலையை மென்மையானதில் இருந்து தொடங்குங்கள். முதலில் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விட்டு, மூங்கில் குச்சி முனையாலோ பித்தளைக் கம்பி பிரஷ்ஷாலோ தேயுங்கள். மேலாக ஏறிய துரு இதிலேயே போய்விடும். போகவில்லையென்றால் எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஆப்ப சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் களிம்பாகக் குழைத்து, ஈரத் துணியை விரலில் சுற்றி அழுத்தித் தேயுங்கள். அடுத்த படி, பித்தளைப் பாத்திரம் துலக்குகிற பாலிஷ். துணி கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம், உராய்ந்து வருகிற இரும்புத் தூள்தான் அது. அதற்கும் மசியாத பொட்டுக்கு மட்டும் ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டு, 1000 நம்பரோ அதற்கு மேலோ வாங்கி, சின்னத் துண்டாகக் கிழித்து எண்ணெய் தொட்டுப் பொட்டின் மேல் மட்டும் தேய்க்கலாம். அலகின் நீளவாக்கில் ஒரே திசையில். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் அந்தக் கோடுகள் ஆயுசுக்கும் தெரியும். உப்புத்தாள் என்று பொதுவாகச் சொல்லி மரக்கடையில் தருகிற முரட்டுத் தாளை அலகில் வைக்கவே வைக்காதீர்கள். அது உண்டாக்குகிற பள்ளங்கள்தான் அடுத்த துருவுக்கு வீடு.

எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். பழுப்பு போய், பஞ்சில் செங்கல் நிறம் வருவது நின்றுவிட்டால் வேலை முடிந்தது. அடியில் கறுப்பாகச் சின்னக் குழிகள் மிச்சம் இருக்கும். அவற்றை மறைய வைக்க வேண்டுமென்றால் குழியின் ஆழத்துக்கு மொத்த அலகையும் சீவ வேண்டும். அதற்குக் குழியே மேல். எண்ணெய் காட்டி வைத்திருந்தால் அது வளராது. கூர் ஓரத்திலேயே குழி விழுந்திருந்தால்தான் கவலை. ஒட்டுக்குச் சீவும்போது தண்டின் வெட்டு வழுவழுவென்று இருக்க வேண்டும், கூர் நைந்திருந்தால் தண்டு நார் நாராகக் கிழியும், ஒட்டுச் சேராது. அது சாணைக்கல்லில் சரிசெய்ய வேண்டிய விஷயம், பின்னால் சொல்கிறேன்.

புளித்தண்ணீர் சொன்னவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், எலுமிச்சையும் வினிகரும் கரைக்கும். சிக்கல் என்னவென்றால் துரு கரைந்த பிறகு அமிலம் வேலையை நிறுத்தாது. நல்ல இரும்பையும் அரிக்கும், மெல்லியதாக இருக்கும் கூர் ஓரத்தை முதலில் அரிக்கும். நீங்கள் காப்பாற்ற நினைக்கிற நீலக் கறுப்பையும் ஏறத்தாழ எடுத்துவிட்டுச் சாம்பல் நிறமாக்கும். அதைவிட மோசம், மடக்குக் கத்தியில் அமிலம் ஆணிக்குள் புகுந்து வெளியே வராமல் உட்கார்ந்துகொள்ளும். மேலே சுத்தமாகத் தெரியும், உள்ளே இருந்து அரித்துக்கொண்டிருக்கும். மரப்பிடி இல்லாத, பிரிக்கக்கூடிய கத்தியாக இருந்தால் அலகை மட்டும் கழற்றி, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் போடலாம். உடனே என்றால் உடனே. அமிலத்தில் இருந்து வந்த வெற்று இரும்பு, காய்வதற்குள்ளேயே மஞ்சளாகத் துருப்பிடிக்கும். ஆணியடித்து இறுக்கிய உங்கள் கத்திக்கு இந்த வழி வேண்டாம்.

இனி முனையில் இருக்கும் செம்பு நிறம். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். துருவாக இருந்தால் மங்கலாக, மண் மாதிரி இருக்கும். நீங்கள் செம்பு மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். மாதிரி இல்லை, அது செம்பேதான்.

மரத்துக்குப் பூஞ்சண நோய் வராமல் இருக்கப் போர்டோ கலவை அடிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலவை சரியாக வந்ததா என்று பார்க்க, துலக்கிய இரும்புக் கத்தியின் முனையை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பது வழக்கம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் மயில்துத்தம் இன்னும் முழுதாகக் கட்டுப்படவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும் என்று பொருள். நிறம் ஏறாவிட்டால் அடிக்கலாம். உங்கள் அப்பா இந்தக் கத்தியைத்தான் அதற்கு வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு எப்படியும் முனையில் மட்டும் அளவாகச் செம்பு ஏறியிருக்க வாய்ப்புக் குறைவு.

கரைசலில் இருக்கும் செம்பு இரும்பைப் பார்த்தால் இடம் மாற்றிக்கொள்ளும். இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகும், செம்பு வெளியே வந்து அந்த இடத்தில் உட்காரும். ஆகவே இது சாயம் இல்லை, முலாம். பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் விட்டு வைக்கக் கூடாது, ஏனென்றால் பித்தளைத் தகட்டுப் பக்கம் நடந்த அதே கதை இங்கேயும் நடக்கும். செம்பும் இரும்பும் ஒட்டி இருக்க, ஈரம் பட்டால் செம்பு ஜம்மென்று இருக்கும், ஓரத்து இரும்பு அரிபட்டுக்கொண்டே போகும். இதைக் கரைக்க எலுமிச்சை, புளி எதுவும் உதவாது. செம்புப் பாத்திரத்தில் களிம்பைத்தானே புளி எடுக்கிறது, செம்பை எடுப்பதில்லையே. பாலிஷைத் துணியில் தொட்டு உராய்ந்துதான் எடுக்க வேண்டும். படலம் மெல்லியது, சீக்கிரம் போய்விடும். அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இந்தச் செம்பு இன்னொரு தகவலையும் சொல்கிறது. உங்கள் கத்தி ஸ்டெயின்லெஸ் இல்லை, கார்பன் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் என்று பேர் வாங்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போட்டு வைத்துக்கொள்வதால் இப்படிச் செம்பு ஏறுவதும் கிடையாது, துவர்ப்புக்குக் கறுப்பதும் கிடையாது. காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்று ஒரு சோதனை ஊரெல்லாம் உலவுகிறது. தட்டு, டம்ளருக்குப் பெரும்பாலும் அது சரி. கத்திக்கு உதவாது, கூர் பிடிக்கிற ஸ்டெயின்லெஸ் ஏறத்தாழ எல்லாமே காந்தத்தில் ஒட்டும். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். சாம்பல் வட்டம் விழுந்தால் கார்பன் ஸ்டீல்.

ஸ்டெயின்லெஸ் கத்தி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதுவும் துருப்பிடிக்கும், உப்பும் பிளீச்சிங் பவுடரும்தான் அதற்கு எதிரி. குளோரின் பட்டால் பரவலாகத் துருப்பிடிக்காமல் குத்துக் குத்தாகக் குழி விழும். அப்புறம், பாத்திரம் தேய்க்கிற இரும்புக் கம்பி நாரால் ஸ்டெயின்லெஸ் அலகைத் தேய்த்துவிட்டு, மறுநாள் துருப்பிடித்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. நாரில் இருந்து ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள் அங்கே துருப்பிடிக்கிறது, கத்தி இல்லை.

வேறு நிறங்களும் வரும், உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்கு ஆகட்டும். வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாகத் தெரிவது போர்த்தண்ணீர் காய்ந்த சுண்ணாம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல ஊர்ப் போரில் தண்ணீர் கடினம். வினிகர் தொட்ட பஞ்சு எடுத்துவிடும். கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடு என்றால் அதைப் பயன்படுத்துங்கள், கறை விழுவது குறையும். பித்தளைத் தகட்டு ஓரத்தில் பச்சையாக இருப்பது களிம்பு, பாலிஷில் போகும்.

மஞ்சள், ஊதா, நீலம் என்று வானவில் மாதிரி கூர் ஓரத்தில் ஓடினால் அது அழுக்கே இல்லை, சூடு. இங்கேதான் கிரைண்டர் வைத்தியருக்குப் பதில். இரும்பை 220 டிகிரி வாக்கில் சூடாக்கினால் வைக்கோல் மஞ்சள், 300 டிகிரி பக்கம் போனால் நீலம். பட்டறைச் சக்கரத்தில் அலகின் மெல்லிய ஓரம் சில வினாடியில் நீலத்துக்குப் போய்விடும். உங்கள் கத்தி போன்ற கார்பன் ஸ்டீலில் நீலம் ஏறின இடத்தில் பதம் இறங்கிவிட்டது, கூர் நிற்காது, இரண்டு தண்டு சீவினால் மழுங்கும். திரும்பப் பதம் ஏற்ற உலையில் வைத்துத்தான் ஆக வேண்டும். பட்டறைக்காரர் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பொறுமையாகச் செய்கிறவராக இருந்தாலும் ஒட்டுக் கத்தியைக் கொடுக்க எனக்கு மனம் வராது. இன்னொரு காரணமும் உண்டு. ஒட்டுக் கத்தி நிறைய, ஒரு பக்கம் மட்டும் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். அந்தத் தட்டையால்தான் தண்டில் வளைவில்லாத நேர் வெட்டு விழுகிறது. சக்கரத்தில் இரண்டு பக்கமும் காட்டி எடுத்தால் அது சாதாரணப் பேனாக்கத்தி ஆகிவிடும். வீட்டிலேயே நைசான சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, சரிவுப் பக்கத்தை அதன் சரிவிலேயே படிய வைத்துத் தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்க வைத்து, பிசிறு போக ஒன்றிரண்டு இழுப்பு மட்டும். கூர் ஓரத்துக் குழிகள் இருந்தால் இப்படித் தீட்டித் தீட்டித்தான் கடந்து போக வேண்டும், ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். வலது கைக்காரர் கத்தி, இடது கைக்காரர் கத்தி என்றும் உண்டு. அப்பா எந்தக் கையால் சீவினார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் முடிந்தால் எண்ணெய். ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அலகுக்கு மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேட்டால் கிடைப்பது நல்லது, நாறாது, கெட்டியாகாது. துணியில் தொட்டுப் பூசிவிட்டு, இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தாலும் தேவையான அளவு நிற்கும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சில மாதத்தில் இறுகிப் பசையாகும், நீங்கள் இவ்வளவு பாடுபட்டு எடுத்த கறுப்பு மறுபடி ஆணியில் வந்து உட்காரும். தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்குக் கெடாது, ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் ஓசூர், தளி பக்கம் ஆணிக்குள் மெழுகாக நிற்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் இறுகியதை இளக்கவும் அருமையான சரக்கு. அது மட்டும் போட்டால் பாதுகாப்புக்குப் போதாது, துடைத்துவிட்டு மேலே எண்ணெய் போடுங்கள். வைக்கிற இடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், உர அறை மட்டும் வேண்டாம். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைப்பதும் கூடாது. பதனிட்ட தோலில் புளிப்பும் துவர்ப்பும் உண்டு, மழைக்காலத்தில் ஈரத்தையும் இழுக்கும்.

பழம் நறுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் தம்பி. கறையாலும் துருவாலும் சொல்லவில்லை, அவை யாரையும் ஒன்றும் செய்துவிடாது. மருந்து அறையில் கிடந்த மரப்பிடிக்கும் ஆணிக்குள்ளே போனதற்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. மயில்துத்தம் வேறு தோய்ந்த கத்தி. பழத்துக்குச் சின்னதாக ஒரு ஸ்டெயின்லெஸ் கத்தி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒட்டுக்கு இதையே தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பசை தண்டில் ஏறினால் ஒட்டுக்கு ஆகாது, அதனால் வேலை தொடங்கும் முன் அலகை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஒரு தாய்மரத்துத் தண்டு சீவி அடுத்த மரத்துக்குப் போகும்போதும் அதேபோல் துடையுங்கள், நோய் ஒன்றில் இருந்து ஒன்றுக்குத் தாவாது. சிலர் அதற்கு லைட்டரில் அலகைக் காட்டுகிறார்கள். கிரைண்டரில் போகாத பதம் அங்கே போய்விடும்.